ஓட்டுப் போடும்போது ஊர் வேற, காலனி வேற! நிலம் போகும்போது மட்டும் எல்லாரும் ஒண்ணா?



சங்க நோட்டீஸ் என்றாலே கலெக்டரைத் திட்டுவான், மந்திரியைத் திட்டுவான், கடைசியில் மறியலுக்குக் கூப்பிடுவான் என்று நினைத்துத்தான் கையில் வாங்கியிருப்பீர்கள். மறியலுக்கு இன்னொரு நாள் கூப்பிடுகிறோம். இந்த நோட்டீஸ் நம்ம ஓட்டைப் பற்றியது. எம்.எல்.ஏ., எம்.பி. ஓட்டு அல்ல. பஞ்சாயத்துத் தேர்தலில் நாம் போடுகிற ஓட்டு. படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரும். எழுதும்போது எங்களுக்கே வந்தது.

2025 ஆகஸ்ட் 15. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிராம சபை. சங்கத்தின் சார்பில் இரண்டு தீர்மானம் எழுதிக் கொண்டு போனோம். ஏரிப் பாசன நிலத்தில் பிளாட் போடக் கூடாது என்பது ஒன்று. நம்ம ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்பது இன்னொன்று. நம்ம ஊர் ஜனத்தொகை மூவாயிரத்துக்கு மேல். அரசாங்க விதிப்படி மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் உட்கார்ந்தால்தான் கோரம். எண்ணிப் பார்த்தோம். மிட்டாய்க்கு நின்ற பிள்ளைகளைக் கழித்தால் 63 பேர். கோரம் இல்லை என்றால் கூட்டத்தை ஒத்தி வைக்க வேண்டும். வைக்கவில்லை. மறுநாள் தீர்மான நோட்டை ஏரி வேலை நடக்கிற இடத்துக்கே எடுத்துப் போய் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி விட்டார்கள். நோட்டில் டெங்கு ஒழிப்பு இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது. நம்ம இரண்டு தீர்மானமும் இல்லை!

காலனியிலிருந்து அன்றைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். காலனியில் ஓட்டு மட்டும் எழுநூறுக்கு மேல். ஏன் வரவில்லை என்று கேட்கப் போனோம். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா, நம்ம வயல்களில் ஐம்பது வருஷம் நாற்று நட்டவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏம்ப்பா செக்ரட்டரி, நிலம் உங்களுது, ஏரித்தண்ணி உங்களுது, கூட்டமும் உங்களுது. எங்க புள்ள எலக்‌ஷன்ல நின்னப்ப நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?"

ஒரு காலத்தில் இதே அம்மாவை நம்மைச் 'சாமி' என்று கூப்பிட வைத்தோம். இப்போது 'ஏம்ப்பா' என்கிறார். அது நல்லதுதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து விட்டோம்.

எங்க இருந்தோம் என்று சொல்கிறோம், கேளுங்கள்.

2021 அக்டோபரில் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. நம்ம ஊர்த் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கியிருந்தார்கள். காலனியிலிருந்து ஒரு பையன் நின்றான். பட்டப் படிப்பு முடித்தவன், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. ஏரி அளவு, வரத்துக் கால்வாய் சர்வே நம்பர் எல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு வாங்கி வைத்திருந்தான். நம்ம சங்கம் செய்ய வேண்டிய வேலை அது. நாம் செய்யவில்லை, அவன் செய்தான்.

கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. "படிச்சவன் உள்ள வந்தா நம்மளையே கேள்வி கேப்பான்" என்றார் ஒருவர். "சொன்னா கேக்கறவனா பாத்துப் போடுங்கப்பா" என்றார் இன்னொருவர். பம்பு செட்டில் தண்ணி கட்டுகிற ஒரு கூலியாளை ஊர்ச் செலவில் மனுத்தாக்கல் செய்ய வைத்தோம். காலனி ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. ஊர் ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் விழுந்தது. அவர் ஜெயித்தார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள் பாதிப் பேருக்கு மேல். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுகிற கையும் அந்த மண்டபத்தில்தான் இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? பஞ்சாயத்துக் கணக்கில் காசோலைக்குத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இது சட்டம். தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு மெம்பர்கள் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெம்பர்களில் அதிகம் பேர் ஊர்க்காரர்கள். ஆக, செக் புத்தகம் எந்த வீட்டு டிராயரில் தூங்கியது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிளாட் போடுகிறவர்கள் வந்தார்கள். வரத்துக் கால்வாய் மேலே மண்ணைக் கொட்டி முப்பதடி ரோடு போட்டார்கள். தலைவர் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? வாய் திறக்க மாட்டார் என்றுதானே அவரை உட்கார வைத்தோம்! மழை வந்தபோது ஏரிக்குப் போக வேண்டிய தண்ணி நம்ம சம்பாப் பயிருக்குள் புகுந்து நின்றது. ஏரி பாதிதான் நிரம்பியது. நவரைக்கு மதகு திறக்கும்போது கடைமடை நிலம் காய்ந்து கிடந்தது. கடைமடையில் யார் நிலம்? மண்டபத்தில் 'சொன்னா கேக்கறவனா' வேண்டும் என்றாரே, அவருடையதும் சேர்த்து இரண்டு காணி.

விவசாயிகளே, இது நம்ம ஒரு ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள்.

1993-ல் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996-ல் முதல் தேர்தல். அதிலிருந்து பத்து வருஷம் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல், இந்த நாலு ஊரிலும் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. மனுப் போட ஆள் வர மாட்டார், வந்தாலும் ஊருக்குப் பயந்து அடுத்த நாளே ராஜினாமா! 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பத்து வருஷம் அந்த ஊர்களில் ரோடு, தண்ணி, விளக்குக்கு யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்? கௌரவம் கௌரவம் என்று பிடிவாதம் பிடித்ததில் தாகம் எடுத்தது எல்லாருக்கும்தான். மேலவளவில் நடந்தது அதையும் விடக் கொடுமை. தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ந் தேதி வெட்டிக் கொன்றார்கள்.

"அதெல்லாம் தெக்கத்திக்காரன் சமாச்சாரம், மெட்ராஸ் பக்கத்துல இருக்கற நாம அப்படி இல்ல" என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் எங்கே இருக்கிறது? கும்மிடிப்பூண்டி பக்கம், சென்னைக்குப் பக்கம்தான். 2020 ஆகஸ்ட் 15-ந் தேதி அந்த ஊரின் தலித் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, அஞ்சு நாள் கழித்து கலெக்டர் கூட நின்று ஏற்ற வைத்தார். அதே 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரையே தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் பேப்பரில் வந்தது. மேல்மருவத்தூர் தாண்டினால்தான் சாதி என்று சொல்லிக் கொள்ள முடியுமா?

நம்மைச் சுத்தி பைபாஸ் வந்திருக்கிறது, கார் கம்பெனி வந்திருக்கிறது, நம்ம பிள்ளைகள் எல்லாரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஓட்டுச்சாவடி வரிசைக்கு வந்ததும் தனித்தனியாகி விடுகிறார்கள். பட்டணம் பக்கத்தில் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நாங்களும் சின்ன வயசில் நம்பினோம். போகவில்லை. பிளாட் விற்கிற நோட்டீஸில்கூட 'காலனி பக்கம் இல்லை' என்று வாயால் சொல்லித்தான் விற்கிறான்.

தலைவர் அம்மாவா, தலைவர் வீட்டுக்காரரா?

தாய்மார்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். முதலில் மூன்றில் ஒரு பங்கு, 2016-ல் செய்த சட்டத் திருத்தத்தில் பாதிக்குப் பாதி என்று உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. பக்கத்து ஊராட்சிகளில் எத்தனை பெண் தலைவர்கள்! ஆனால் பி.டி.ஓ. ஆபீஸ் கூட்டத்துக்கு வேட்டி கட்டிக் கொண்டு வருகிறவர் யார்? "நான்தான் பிரசிடென்ட்" என்று காரில் போர்டு வைத்துக் கொள்கிறவர் யார்? போஸ்டரில் அம்மா படம் தபால்தலை அளவு, ஐயா படம் ஆள் உயரம்.

ஆம்பளைங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "பொம்பளைக்கு என்னா தெரியும், அவ புருஷன் நல்ல மனுஷன், போடலாம்" என்று சொல்லி ஓட்டுப் போட்ட பெண்களும் இருக்கிறார்கள். அதே பெண்கள் 2017-ல் என்ன செய்தார்கள் என்று ஞாபகப்படுத்துகிறோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் சாராயக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதும், 2017 ஏப்ரலில் டாஸ்மாக் கடைகளை மூட்டை கட்டி ஊருக்குள் கொண்டு வந்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள்தான் துடைப்பத்தோடு இறங்கி மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. எத்தனையோ கிராம சபைகளில் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டதும் பெண்கள்தான். கடையை மூட வைக்கத் தெரிந்தவருக்குச் செக்கில் கையெழுத்துப் போடத் தெரியாதா? போர்வெல் மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டால் வீட்டுக்காரரை விடச் சரியாகச் சொல்வார். குடத்தைத் தூக்குகிறவர் அவர்தானே.

ஓட்டுக்குக் காசு. இதைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, வாங்காத வீடு நம்ம ஊரில் எத்தனை என்று அவரவருக்குத் தெரியும். ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கிராமத் தலைவரின் மதிப்பூதியம் மாசம் 2 ஆயிரம் ரூபாய் என்றால் அஞ்சு வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அந்த வேலைக்கு இருபது லட்சம், முப்பது லட்சம் ஏன் செலவு செய்கிறான்? தர்மத்துக்கா? 2019 தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டார்கள், மாநிலத் தேர்தல் ஆணையம் நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. 'கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆச்சு' என்று ஏலத்துக்கு நியாயம் சொன்னார்கள். கோயிலுக்குக் கொடுத்ததை எங்கே போய் எடுப்பான்?

பட்டணத்தை ஒட்டிய ஊர்களில் அது மனையில்தான் இருக்கிறது. மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சட்டத்தில் கிடையாது. ஆனாலும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி இந்த மாவட்டங்களில் விற்ற மனைகளுக்குக் கணக்கே இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் அந்த வியாபாரத்துக்கு மூச்சு முட்டியது. அடுத்த வருஷமே வரன்முறைத் திட்டம் வந்தது, பழையதெல்லாம் பணம் கட்டிச் சரியானது. நம்ம வாய்க்கால் மட்டும் சரியாகவில்லை. ஓட்டுக்கு வாங்கின ஐநூறு ரூபாய் அந்த மனையிலிருந்து வந்த காசு. நம்ம வாய்க்காலை விற்ற காசில்தான் நமக்கே பங்கு கொடுத்தான்.

நகர்க்காரர்கள்

ஏரிக்கரை ஓரம் 'நகர்' 'நகர்' என்று ஆறு நகர் வந்து விட்டது. அங்கே குடியிருப்பவர்களை நம்ம ஆட்கள் 'வந்தவன்' என்கிறார்கள். அவர்கள் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றும் விசாரித்தோம். "எங்களுக்கு ரோடு இல்லை, சாக்கடை இல்லை, குப்பை எடுக்க ஆள் இல்லை. கார்ப்பரேஷன்ல சேத்தா எல்லாம் வந்துரும், இந்த ஊர்க்காரங்கதான் குறுக்க நிக்கறாங்க" என்கிறார்கள். பாதிப் பேருக்கு ஓட்டே இன்னும் பழைய வாடகை வீட்டு விலாசத்தில் இருக்கிறது. சாதி பார்க்க மாட்டோம் என்று சொல்கிறார்கள், ஆனால் காலனிப் பிள்ளைகள் நகருக்குள் சைக்கிள் ஓட்டினால் கேமராவில் பார்த்து அசோசியேஷன் குரூப்பில் போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. அவர்கள் எதிரி இல்லை. வங்கிக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, முக்கால் கிரவுண்டில் வீடு கட்டியவர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை டேங்கர் லாரித் தண்ணி வாங்குகிறார்கள். அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது? நம்ம கிணற்றுப் பக்கத்தில் போட்ட ஆழ்குழாயிலிருந்து. ஏரி நிரம்பினால் அவர்கள் போரிலும் தண்ணி ஊறும், மழைக்காலத்தில் அவர்கள் ஹாலுக்குள் வெள்ளம் வராது. இதை யாராவது போய் அவர்களிடம் சொன்னோமா? வெள்ளம் வந்தபோது "ஏரியில வீடு கட்டினா அப்படித்தான்" என்று சிரித்தோம்.

சேர்ப்பது என்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ல் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். சுத்தியிருந்த 42 உள்ளாட்சிகள் உள்ளே போயின, அதில் 25 கிராம ஊராட்சி. 2025 பிறந்ததும் இன்னொரு பட்டியல்: 16 மாநகராட்சிகளோடு 149 கிராம ஊராட்சிகளையும், 41 நகராட்சிகளோடு 147 கிராம ஊராட்சிகளையும் சேர்க்கிறோம் என்று. கோவை, மதுரை, திருச்சிப் பக்கம் எத்தனையோ ஊர்களில் ஜனங்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனார்கள். ஏன் போனார்கள்? நகராட்சி ஆகிவிட்டால் ஊரக வேலைத் திட்டம் கிடையாது, காலனிப் பெண்களுக்கு அந்தக் கூலி போச்சு. வீட்டு வரி ஏறும். எல்லாத்துக்கும் மேலே கிராம சபை போச்சு. அரசியல் சட்டம் பெயர் சொல்லிக் கொடுத்த சபை அது. நகரத்தில் 2022-லிருந்து ஏரியா சபை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பம்மலில் முதலமைச்சரே வந்து ஆரம்பித்து வைத்தார். வார்டைத் துண்டு துண்டாக்கி உட்கார வைக்கிற கூட்டம் அது. ஊர் மொத்தமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து 'வேண்டாம்' என்று சொல்கிற இடம் அதில்லை.

'வேண்டாம்' என்று சொன்னால் கேட்டு விடுவார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரந்தூர் விமான நிலையத்துக்கு இடம் என்று 2022-ல் அறிவித்த நாளிலிருந்து ஏகனாபுரம் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். காட்டு வேலை முடித்து ராத்திரி ராத்திரி கூடி உட்கார்ந்தார்கள், ஆயிரம் நாளைத் தாண்டி உட்கார்ந்தார்கள். 2024 ஏப்ரல் 19 பாராளுமன்றத் தேர்தலில் அரசு ஊழியர் சிலரைத் தவிர ஊரே ஓட்டுப் போடப் போகவில்லை. அப்படியும் 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. 2023-ல் சட்டசபையில் விவாதமே இல்லாமல் ஒரு நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால் நடுவில் இருக்கிற ஏரி, ஓடை எல்லாத்தையும் சேர்த்து ஒப்படைக்க வழி செய்த சட்டம் அது. இவ்வளவையும் மீறி ஒரு தீர்மான நோட்டு என்ன செய்யும்?

தனியாக ஒன்றும் செய்யாது. ஆனால் ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்ட நோட்டை வைத்துக் கொண்டு கோர்ட்டுக்குப் போவதும், 63 பேர் மட்டும் உட்கார்ந்த கூட்டத்தை வைத்துக் கொண்டு போவதும் ஒன்றாகாது. 'உங்க ஊர்லயே பாதிப் பேர் சம்மதம்' என்று தாசில்தார் சொல்ல முடியாத ஊர்தான் பேரம் பேச முடிகிற ஊர்.

காலனிக்கு இதில் என்ன லாபம் என்று அந்த அம்மா கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறோம். நிலமெல்லாம் நம்மிடம் எப்படி வந்தது என்பது தனிக்கதை. இதே செங்கல்பட்டு ஜில்லாவில் டிரெமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் காலனி ஜனங்களின் நிலைமையை அறிக்கையாக எழுதித்தான் 1892-ல் பஞ்சமி நிலம் கொடுக்க உத்தரவு வந்தது. அந்த நிலமெல்லாம் இன்றைக்கு யார் பட்டாவில் இருக்கிறது என்று நாமே நம் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துக் கொள்ளலாம். அது இருக்க, 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் பட்டாதாரர் மட்டும் பாதிக்கப்பட்டவர் இல்லை. அந்த நிலத்தில் மூணு வருஷமாவது கூலி வேலை செய்து பிழைத்தவர், குத்தகைக்கு உழுதவர், அவர்கள் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அந்தப் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் சத்தம் போடத் தெரிந்த தலைவர் வேண்டும். நிலக்காரன் பணத்தை வாங்கிக் கொண்டு வேறு ஊர் போய்விடலாம். கூலிக்காரர் எங்கே போவார்? இதைக் காலனிக்குப் போய் நாங்கள் இதுவரைக்கும் சொன்னதே இல்லை. நமக்கு வர வேண்டிய சென்ட் விலையைப் பற்றி மட்டும்தான் பேசிக் கொண்டிருந்தோம்.

நடக்காத காரியமா சொல்கிறோம்? திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், பூந்தமல்லி தாண்டி இருக்கிறது. 1996-ல் இளங்கோ என்கிற காலனிப் பிள்ளை, எஞ்சினியர், தலைவராக நின்று ஜெயித்தார். 2001-லும் ஜெயித்தார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்று இரட்டை வீடுகளாகக் கட்டிச் சமத்துவபுரம் உண்டாக்கினார். படிச்சவனைக் கண்டு பயப்படாமல் அந்த ஊர் ஓட்டுப் போட்டது. நாம் பம்பு செட்டில் ஆள் தேடினோம்.

இப்போது தேர்தல் விஷயம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் மூணு வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ராஜ்ஜியம். தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லை என்று மத்திய நிதிக்குழுப் பணமும் நின்றது. 2019 டிசம்பரில் 27 மாவட்டத்துக்குத் தேர்தல், நம்ம மாவட்டத்தையும் சேர்த்துப் பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டத்துக்கு 2021-ல். அந்த 27 மாவட்டத்துப் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். நமக்கு 2026 அக்டோபரோடு அஞ்சு வருஷக் கணக்கு முடிகிறது. தனி அலுவலரிடம் கிராம சபையில் கேள்வி கேட்கலாம், ஆனால் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. ஆகவே உரிய காலத்தில் தேர்தல் என்பது சங்கத்தின் கோரிக்கை, அதற்கு மறியலும் உண்டு.

தேர்தல் வந்தால் கையில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள். ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், அந்த இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்கும், உங்கள் கட்சிக்குப் போட்டுக் கொள்ளுங்கள். வார்டு மெம்பர் சீட்டிலும் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டிலும் கட்சி கிடையாது. அந்த இரண்டுக்கும் இனி கோயில் மண்டபத்தில் ஆள் பொறுக்குகிற வேலை வேண்டாம். பதவி காலனிக்கு ஒதுக்கியிருந்தால் யார் நிற்பது என்று காலனி முடிவு பண்ணட்டும். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் என்ன செய்வாய் என்று மட்டும் நாம் கேட்போம். பெண்ணுக்கு ஒதுக்கியிருந்தால் அந்த அம்மாவே மைக்கைப் பிடித்துப் பேசட்டும். வீட்டுக்காரர் பேச வந்தால் சங்கத்துக்காரர்கள் எழுந்து போய்விடுவது என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம். இதற்குச் சம்மதம் இல்லாமல் மூன்று பேர் சங்கத்தை விட்டு விலகி விட்டார்கள். அவர்கள் சந்தாவைத் திருப்பிக் கொடுத்து விட்டோம்.

அடுத்த கிராம சபைக்கு ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் இருக்கிற எல்லாரும் வர வேண்டும். நகர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு கடுதாசி அச்சடித்திருக்கிறோம், வீடு வீடாகப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. கீழே இடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடித்து விடுங்கள். செல்போனில் பக்கத்துக்குப் பக்கம் படம் எடுத்துக் கொள்ளுங்கள். மறுநாள் வேலைத்தளத்துக்கு நோட்டு வந்தால் கைநாட்டு வைக்காதீர்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். மண்டபத்தில் இல்லை, காலனியில். அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டிருக்கிறோம். "வாங்க, ஆனா பெஞ்சு நீங்களே தூக்கிக்கிட்டு வரணும்" என்றார். 2021-ல் தோற்ற பையன் ஏரி சர்வே வரைபடத்தோடு வருகிறான். ஊர்க்காரர்கள் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து விடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்